மரைக்கும் மனிதருக்கும் நடுவே இருந்த தூரம்

நிலாவெளியில் வயதானவர்களிடம் மரையைப் பற்றிக் கேட்டால் பேச்சு அடுப்படியில்தான் தொடங்கும். உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து, அடுப்புக்கு மேலே புகையில் காயவிட்ட மரை வத்தல். வாடைக் காற்றில் கடல் கொந்தளித்து வள்ளம் இறங்காத நாட்களில் அதை இடித்து வறுத்துச் சோற்றோடு தின்ற கதை வரும். குச்சவெளி, திரியாய்ப் பக்கத்துக் காடுகளிலிருந்து வந்த இறைச்சி அது. ஆனால் மரையைப் பட்டப்பகலில், உயிரோடு, நின்று பார்த்தேன் என்று சொல்பவர் அந்தத் தலைமுறையிலும் அரிது. சேனையில் இரவுக் காவல் இருந்தவர் இருட்டுக்குள் ஒரு சத்தத்தைக் கேட்டிருப்பார். விடிந்ததும் பயிருக்குள் குளம்படியைக் கண்டிருப்பார். அவ்வளவுதான் அறிமுகம்.

இன்று அதே ஊர்ப் பிள்ளைகள் பாடசாலைச் சுற்றுலாவில் நுவரெலியாவுக்குப் போய், ஹோட்டன் சமவெளியைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அவர்களுடைய கைப்பேசியில் மரை இருக்கிறது. கிளைவிட்ட கொம்போடு, ஈரமான மூக்கோடு, படம் எடுத்தவரின் தோளுக்கு அருகில் நிற்கிறது. வாகனத் தரிப்பிடத்தில் வானின் கதவு திறந்தால் உள்ளே எட்டிப் பார்க்கிறது. தாத்தாவுக்குச் சத்தமாகவும் வத்தலாகவும் மட்டுமே தெரிந்த விலங்கு பேரப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று படம் பிடிக்கிற விலங்காகிவிட்டது.

விலங்கு ஒன்றுதான், இனமும் ஒன்றுதான். மாறியது அதற்கும் நமக்கும் நடுவே இருந்த தூரம். அந்தத் தூரம் எப்படிக் குறைந்தது, குறைந்ததால் மரைக்கு என்ன வந்தது என்பதே இந்தக் கட்டுரை.

பயத்தால் ஆன உடம்பு

இலங்கையில் உள்ள மான்களில் மிகப் பெரியது மரை. தமிழ்நாட்டார் இதையே கடமான் என்றும் மிளா என்றும் சொல்வார்கள். நன்றாக வளர்ந்த ஆண் 200 கிலோவைத் தாண்டும். கரும்பழுப்பு மயிர், கழுத்தைச் சுற்றிப் பிடரி போல நீண்ட ரோமம், பக்கத்துக்கு மூன்று கிளையாகப் பிரியும் கொம்பு. கொம்பு உதிர்ந்து விழும். பிறகு மெல்லிய தோல் போர்த்தபடி புதிது முளைக்கும். முற்றியதும் அந்தத் தோலை மரத்தில் தேய்த்து உரித்துக்கொள்ளும். பெட்டைக்குக் கொம்பு இல்லை. ஏறத்தாழ எட்டு மாதம் சுமந்து பெரும்பாலும் ஒரு குட்டிதான் ஈனும்.

அதன் உடம்பில் ஒவ்வொரு பாகமும் ஓடித் தப்புவதற்காக அமைந்தது. அகன்ற காது இரண்டும் தனித்தனியே திரும்பும். காற்றின் திசையில் வரும் வாசனையை மூக்கு வெகு தூரத்திலேயே பிடித்துவிடும். பகலில் அடர்காட்டுக்குள் படுத்து அசைபோட்டு, அந்தி சாய்ந்த பிறகே மேய்ச்சலுக்கு வெளியே வரும். புள்ளிமானைப் போலப் பெரும் பட்டியாகத் திரிவது அதன் வழக்கமல்ல. தனியாகவோ, தாயும் குட்டியுமாகவோ, நாலைந்து பேராகவோதான் இருக்கும். ஆபத்தை உணர்ந்தால் வாலைத் தூக்கி, முன்னங்காலால் நிலத்தை உதைத்து, வெண்கலத்தில் அடித்தாற்போல ஒரே ஒரு குரல் கொடுக்கும். சிறுத்தை நடமாடுகிறது என்பதைக் காட்டுக்காரர்கள் அந்தக் குரலை வைத்தே அறிவார்கள்.

துரத்துபவன் நெருங்கிவிட்டால் மரை தண்ணீருக்குள் இறங்கும். ஆற்றில் மார்பளவு ஆழத்தில் நின்று, கொம்பைத் தாழ்த்தி, முன்னங்காலால் உதைத்து எதிர்க்கும். எதிரி நீந்தவேண்டும், தான் நிலத்தில் ஊன்றி நிற்கலாம் என்பது அதன் கணக்கு. இலங்கைக் காட்டில் சிங்கமும் இல்லை, வேங்கையும் இல்லை, செந்நாயும் இல்லை. சிறுத்தை ஒன்றுதான் பெரிய எதிரி. அதை மட்டும் எதிர்கொள்ள இந்தத் தந்திரம் போதுமாக இருந்தது.

அன்று: நாயும் கத்தியும்

இந்தத் தந்திரத்தையே மரைக்கு எதிராகத் திருப்பியவர்களில் பெயர் பெற்றவர் சாமுவேல் பேக்கர். ஆங்கிலேயர். பின்னாளில் ஆப்பிரிக்காவில் அல்பேர்ட் ஏரியைத் தேடிச் சென்று புகழடைந்தவர். 1840களின் நடுப்பகுதியில் இலங்கைக்கு வேட்டையாட வந்தார். தாழ்நிலக் காட்டில் காய்ச்சல் பிடித்தது. உடம்பு தேறுவதற்காக நுவரெலியாவுக்கு அனுப்பினார்கள். அந்தக் குளிர் பிடித்துப்போய், 1848இல் அங்கேயே குடியேறினார். 1855 வரை இருந்தார். வேட்டை அனுபவங்களை வைத்து அவர் எழுதிய புத்தகங்கள் 1850களில் லண்டனில் வெளிவந்தன.

மலையில் மரையைச் சுடுவதை அவர் விரும்பவில்லை. அடர்காட்டில் குறி பார்ப்பதற்கு இடமில்லை; அதில் வீரமும் இல்லை என்பது அவர் எண்ணம். நாய்ப்படை ஒன்றை வளர்த்தார். விடியற்காலையில் நாய்கள் மோப்பம் பிடித்து மரையைக் கிளப்பும். மணிக்கணக்காகத் துரத்தும். களைத்த மரை தன் பழக்கப்படி ஓடைக்குள் இறங்கி நிற்கும். நாய்கள் சூழ்ந்துகொள்ள, பேக்கர் கையில் கத்தியோடு தண்ணீருக்குள் இறங்குவார். நாய்களும் நிறையச் செத்தன. ஆனால் மரை தப்புவதற்காகக் கற்றுக்கொண்ட இடமே அது சாகும் இடமானது.

வெள்ளைக்காரத் துரைமார் மரையை 'எல்க்' என்று அழைத்தார்கள். அது ஐரோப்பாவில் உள்ள வேறொரு விலங்கின் பெயர். நுவரெலியாவுக்கு அருகில் எல்க் பிளேன்ஸ் என்ற இடம் இன்றும் உண்டு. ஹோட்டன் சமவெளியில் விழும் அருவிக்குப் பேக்கரின் பெயர். அதே சமவெளியில் தோட்டத்துரை தோமஸ் பார் கட்டிய வேட்டை விடுதி, பார் இன் என்ற பெயரோடு இன்று பார்வையாளர் நிலையமாக இருக்கிறது. மரையைப் பார்க்க வரும் குடும்பங்கள் மரை வேட்டைக்காரர்களின் பெயர்களைக் கடந்துதான் நடக்கின்றன.

சமவெளிக்கே ஹோட்டன் என்று பெயர் வந்தது, 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த வில்மட் ஹோட்டனால். 1834இல் பிஷர், வொட்சன் என்ற இரண்டு படை அதிகாரிகள் அந்த மேட்டுநிலத்துக்கு வந்து சேர்ந்து, அரசுக்கு அறிவித்தார்கள். சுற்றிலும் வாழ்ந்த சிங்கள மக்கள் அதை முன்பே மகாஎலிய என்று அழைத்துவந்தார்கள்.

வேட்டை மரையைக் குறைத்தது என்றால், தோட்டம் அதன் காட்டைத் தின்றது. 1840களிலிருந்து கோப்பிக்காக மலைச்சரிவுகள் மொட்டையடிக்கப்பட்டன. 1869இல் கோப்பி இலையில் நோய் பிடித்து அந்தப் பயிர் விழுந்தது. தேயிலை வந்து மிச்சத்தையும் எடுத்துக்கொண்டது. அந்தத் தோட்டங்களை உருவாக்கிய கைகள் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவரப்பட்ட நம் மக்களுடையவை. அவர்களுக்கும் அந்தக் காட்டின் மீது எந்த உரிமையும் இருக்கவில்லை.

மிஞ்சியது எப்படி

காடு முழுதாக அழியாமல் நின்றதற்கு ஒரு தாவரவியலாளரின் ஆலோசனை காரணம். லண்டன் கியூ தோட்டத்தின் தலைவராக இருந்த ஜோசப் ஹூக்கர், 5000 அடிக்கு மேலே உள்ள காட்டைத் தொடாதீர்கள் என்று 1873இல் காலனி அரசுக்குச் சொன்னார். மரையை நினைத்து அவர் அதைச் சொல்லவில்லை. மலையுச்சிக் காடு போனால் ஆறுகள் வற்றும் என்பதே கவலை. அந்தக் கவலை நியாயமானது. மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் போகும் ஓடைகள் அங்கே ஊற்றெடுக்கின்றன. ஹோட்டன் சமவெளியில் மரை இறங்கி நிற்கும் ஓடைநீரில் ஒரு பகுதி மகாவலியோடு சேர்ந்து, திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில்தான் கடலைத் தொடுகிறது. நமக்கும் அந்த மலைக்கும் உள்ள உறவு சுற்றுலாவோடு தொடங்கியதல்ல.

1937இல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. அதன் பிறகும் சமவெளிக்கு அமைதி கிடைக்கவில்லை. 1960களில் புல்வெளியின் ஒரு பகுதியை உழுது விதை உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள். 1969இல் அது காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. 1988இல் தேசியப் பூங்காவானது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. ஒரு காலத்தில் அங்கே ஏறி மேய்ந்த யானைகள் திரும்பி வரவில்லை. மரை திரும்பி வந்தது.

கடல் மட்டத்திலிருந்து 2100 மீற்றருக்கு மேலே, 3160 ஹெக்டேயர் பரப்பு, ஆண்டுச் சராசரி வெப்பம் 13 பாகை. தை மாதக் காலைகளில் புல்நுனியில் உறைபனி படியும். இப்படிப்பட்ட இடத்தில் 1500 முதல் 2000 வரை மரைகள் இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மாலையில் புல்வெளியின் ஓரத்தில் பத்து, இருபது, அதற்கும் மேலாகக் கூட்டம் சேர்கிறது. தனியே திரியும் விலங்கு என்று எழுதப்பட்ட மரை இங்கே பட்டியாக மேய்கிறது. திறந்த புல்வெளி, நிறைய மேய்ச்சல், துவக்குச் சத்தம் இல்லை. இயல்பு என்று நாம் எழுதிவைத்தவற்றில் எவ்வளவு இயல்பு, எவ்வளவு வேட்டைக்குப் பயந்து பழகியது என்ற கேள்வியை இந்தக் காட்சி எழுப்புகிறது.

இன்று: கையை நோக்கி நடக்கும் விலங்கு

காவலால் மரை பெருகியது. அதைச் சாப்பிடும் சிறுத்தையும் நிலைத்தது. மலைநாட்டுச் சிறுத்தையின் எச்சத்தை ஆராய்ந்தவர்கள் அதில் மரையின் மயிரைத்தான் அதிகமாகக் கண்டார்கள். இதுவரைக்கும் நல்ல செய்தி.

அடுத்த பகுதி வாகனத் தரிப்பிடத்தில் நடக்கிறது. உலக முடிவைப் பார்க்கப் போகும் கூட்டம் அதிகாலையிலேயே வந்து இறங்கும். ஏறத்தாழ 870 மீற்றர் செங்குத்தாக இறங்கும் பாறை விளிம்பு அது; மேகம் மூடுவதற்கு முன் போய்ச் சேரவேண்டும். புறப்படுவதற்கு முன் காலைச் சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கப்படும். பாண், ரொட்டி, பிஸ்கட், வடை. அந்த நேரத்தை மரை கற்றுக்கொண்டுவிட்டது. கொடுக்கக்கூடாது என்று பலகை இருக்கிறது. பலகையின் அருகிலேயே கொடுக்கிறார்கள்.

மரை பசியால் அங்கே வருவதில்லை. புல்வெளி முழுக்கத் தீனி இருக்கிறது. அதைக் கூட்டிவருவது உப்பு. ஓயாமல் மழை பெய்யும் மலையில் மண்ணிலிருக்கும் உப்பு கழுவப்பட்டுப் போய்விடும். தழையைத் தின்று வாழும் விலங்குக்கு அந்தக் குறை உடம்பிலேயே தெரியும். உப்புக் கிடைக்கும் மண்ணைத் தேடிப்போய் நக்குவது காட்டு மான்களின் பழைய வழக்கம். இப்போது அதே உப்பு வடையிலும் சிப்ஸிலும் இருக்கிறது. உள்ளே இருந்ததைத் தின்று முடித்தபின் ஒட்டிய சுவைக்காகப் பையையும் மெல்லும்.

மரையின் வயிறு நான்கு அறை கொண்டது. தின்றதை முதல் அறையில் ஊறவைத்து, மீண்டும் வாய்க்கு எடுத்து அசைபோட்டு, நுண்ணுயிர்களைக் கொண்டு செரிக்கும். பொலித்தீன் அங்கே செரிக்காது; அடுத்த அறைக்குப் போகாது; வெளியேயும் வராது. பந்தாகத் திரண்டு கிடக்கும். வயிறு நிறைந்திருப்பதாக உடம்பு நினைத்துக்கொள்ளும், விலங்கு மேய்வதை நிறுத்தும், இளைக்கும், சாகும். வெளியிலிருந்து பார்த்தால் காயம் ஒன்றும் இருக்காது. பாணும் மாவுப் பண்டமும் கூட நல்லதல்ல. மாவு வேகமாகப் புளித்து, புல்லைச் செரிக்கும் நுண்ணுயிர்களைக் கெடுக்கும்.

இதைத் தடுக்கப் பூங்கா ஒரு வேலை செய்கிறது. நுழைவாயிலில் பைகளைத் திறந்து பார்க்கிறார்கள். பொலித்தீனை எடுத்துவிடுகிறார்கள். தண்ணீர்ப் போத்தலில் ஒட்டிய மெல்லிய லேபலைக் கூடக் கிழித்து வாங்கிக்கொள்கிறார்கள். முதல் முறை போகிறவருக்கு அது மிகையாகப் படும். அந்த மெல்லிய தாள்தான் ஓடையோரத்துப் புல்லில் ஒட்டிக்கொண்டு மேய்ச்சலோடு வயிற்றுக்குள் போவது என்று தெரிந்தவருக்கு மிகையாகப் படாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. அதற்கு நுழைவாயிலில் சோதனை இல்லை. தலைமுறை தலைமுறையாக மனிதரைக் கண்டு ஓடிய விலங்கு ஓடாமல் நிற்கப் பழகினால், அந்தப் பழக்கம் குட்டிக்கும் போகும். தரிப்பிடத்துக்கு வருகிறவர் எல்லாம் படம் பிடிக்க வருகிறவரா என்று குட்டி ஆராயாது. பூங்கா எல்லைக்கு வெளியே தோட்டமும் மரக்கறித் தோட்டமும் கம்பிச் சுருக்கும் இருக்கின்றன. பூங்காவுக்குள் பயத்தை விட்ட மரை எல்லையைத் தாண்டும்போது அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவதில்லை.

கீழ்க்காட்டு மரை

மலை மரை இப்படி என்றால், நம் பக்கத்துக் காட்டு மரை எங்கே போனது? போகவில்லை, இருக்கிறது, மறைந்து இருக்கிறது. திருகோணமலைக்கு வடக்கிலும் மேற்கிலும் உள்ள வறண்ட காடுகளில் அது இன்றும் இரவுக்கே உரிய விலங்கு. போர்க்காலத்தில் காடு பல ஆண்டுகள் ஊர்க்காரருக்கு மூடியிருந்தது. வேட்டைத் துவக்குகள் கையை விட்டுப் போயின. 2009க்குப் பிறகு பாதை திறந்தது; மீள்குடியேற்றம் வந்தது; அதோடு சுருக்கும் கட்டுத்துவக்கும் திரும்பி வந்தன. கட்டுத்துவக்குக்கு யார் கால் படுகிறது என்பது முக்கியமில்லை. பன்றிக்கு வைத்தது மரையையும் வீழ்த்தும், விறகுக்குப் போன மனிதரையும் வீழ்த்தும்.

எனவே கீழ்நாட்டு மரைக்கு அன்றும் இன்றும் கதை பெரிதாக மாறவில்லை. அதற்குப் பயம் இருக்கிறது. அந்தப் பயமே அதைக் காக்கிறது. மரையைச் சட்டப்படி கொல்லக்கூடாது என்று ஊரில் தெரியாதவர் இல்லை. வத்தலின் சுவையை மறந்தவரும் அதிகம் இல்லை. உலக அளவில் மரை இனம் 2008இலிருந்து அழியும் ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய இனங்களின் பட்டியலில் இருக்கிறது என்பதையும் அந்தச் சுவையோடு சேர்த்து நினைக்கவேண்டும்.

கோட்டை வாசலில் தெரியும் எதிர்காலம்

மலை மரையின் கதை எங்கே போய் முடியக்கூடும் என்று அறிய நாம் நுவரெலியாவுக்குப் போகத் தேவையில்லை. நிலாவெளியிலிருந்து பஸ் ஏறித் திருகோணமலை நகரில் இறங்கினால் போதும். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், பிரட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் திரிகின்றன. போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து அதன் கற்களைக் கொண்டு 1624இல் எழுப்பிய கோட்டை அது. பிறகு டச்சுக்காரர் கைக்குப் போய், ஆங்கிலேயர் காலத்தில் இந்தப் பெயரைப் பெற்றது. இன்று இராணுவ முகாமும் அதற்குள் இருக்கிறது. நகரம் போரைக் கண்ட ஆண்டுகளிலும் மான்கள் கோட்டையை விட்டுப் போகவில்லை. அங்கே அவற்றைச் சுடுவாரும் இல்லை, சிறுத்தையும் இல்லை.

இருந்தும் அவை நன்றாக வாழ்கின்றன என்று சொல்ல முடியாது. கோடையில் புல் கருகும்போது கோட்டையை விட்டிறங்கி வீதிக்கு வருகின்றன. கடைத்தெருவிலும் கடற்கரையிலும் குப்பை மேட்டிலும் நிற்கின்றன. சாப்பாட்டுப் பார்சல் சுற்றிய லன்ச் சீற்றை இழுத்து மெல்லுகின்றன. வாகனம் அடிக்கிறது, தெருநாய் குட்டியைக் கடிக்கிறது, செத்த மானின் வயிற்றைத் திறந்தால் பொலித்தீன் கட்டியாக வருகிறது. யாத்திரிகர் அன்போடு நீட்டும் பழமும் பலகாரமும் கையை நோக்கி நடக்கப் பழக்குகின்றன. கையைத் தேடி வந்த மான் கை இல்லாத நேரத்தில் குப்பைத் தொட்டியைத் தேடும்.

புள்ளிமான் தாழ்நிலத்தில் பட்டியாக வாழ்வது; மனிதரை எளிதில் சகித்துக்கொள்ளும். மரை அப்படியல்ல. ஆனால் இரண்டின் வயிறும் ஒன்றுதான். ஹோட்டன் சமவெளித் தரிப்பிடத்தில் இன்று நடப்பது திருகோணமலை வீதிகளில் நெடுங்காலமாக நடந்துவருகிறது.

ஒரு விலங்கைக் காப்பது என்றால் அதைக் கொல்லாமல் விடுவது என்று ஒரு தலைமுறை கற்றது. பேக்கரின் நாயும் கத்தியும் நின்றதற்கு அந்தப் பாடம் காரணம். அது சிறிய சாதனையல்ல. நம் தலைமுறை கற்கவேண்டியது அதைக் கொஞ்சாமல் விடுவது. கொடுக்கத் தோன்றும் கையை மடக்கிக்கொண்டு, இருபது அடி தள்ளி நின்று பார்த்துவிட்டு வருவது. பிள்ளைகள் மலைக்குப் போகும்முன் ஆசிரியர் சொல்லவேண்டிய விஷயம் இது; கோணேசருக்குப் போகும் பெரியவர்களுக்குப் பிள்ளைகள் திருப்பிச் சொல்லலாம்.

மலை நுழைவாயிலில் போத்தல் லேபலைக் கிழித்து வாங்கும் பழக்கத்தை நாம் ஏற்றுக்கொண்டோம். யாரும் சண்டை போடவில்லை. பார்க்க வருகிற கூட்டமும் குறையவில்லை. அதே சோதனையைக் கோட்டை வாசலில் வைத்தால் என்ன? கோயிலுக்குப் போகும் பாதை ஒன்றுதான், வாசலும் ஒன்றுதான். மூடி போட்ட குப்பைத் தொட்டிகளும், பொலித்தீன் இல்லாத அர்ச்சனைத் தட்டும், வாசலில் பையைப் பார்க்க இரண்டு பேரும் போதும். நகர நிர்வாகத்துக்கும் கோயிலுக்கும் படைமுகாமுக்கும் ஒரே மேசையில் உட்கார்ந்து முடிக்கக்கூடிய வேலை இது.